பிபிசி மைக்ரோ மாடல் பி, அருங்காட்சியகச் சேகரிப்பு: கரண்ட் கொடுக்கலாமா, கூடாதா?

பேழைக்காவல் எழுதியது:

சேகரிப்பில் ஏகார்ன் தயாரித்த பிபிசி மைக்ரோ மாடல் பி (1980களின் கணினி) ஒன்று சேர்ந்திருக்கிறது. நிலவரம் இது: உள்ளே அஸ்டெக் சுவிட்ச்-மோட் பவர் சப்ளை. மேல்மூடி நன்றாக மஞ்சளாகிவிட்டது, கீழ்ப்பாதி அந்த அளவுக்கு இல்லை. இயக்க மென்பொருள் (ஓஎஸ்) ரோம், பேசிக் ரோம் தவிர பக்கத்துச் சாக்கெட்டுகளில் இரண்டு ஈப்ரோம் சிப்புகள் (புறஊதா ஒளியால் அழித்து மறுபடி எழுதக்கூடிய நினைவகம்). மேலே கையெழுத்து லேபிள், மை மங்கிவிட்டது. கூடவே ஒரு பெட்டி கேசட், சில ஐந்தேகால் அங்குல ஃபிளாப்பிகள். வெளியே சுற்றி வைத்திருந்த ஒயர் மூடியில் ஒட்டிக்கொண்டு தடம் பதித்திருக்கிறது.

கேள்விகள்: செருகி ஆன் செய்து பார்க்கலாமா? மஞ்சளை எடுக்கலாமா? பதிவெண்ணை எங்கே எழுதுவது? எதை முதலில் செய்ய வேண்டும்?

சால்டர்முனை எழுதியது:

செருகாதீர்கள். முதல் பதில் அதுதான்.

அந்த அஸ்டெக் பெட்டிக்குள் மெயின்ஸ் வரும் இடத்தில் ஒளி ஊடுருவும் பழுப்பு மஞ்சள் உடலோடு இரண்டு கெப்பாசிட்டர் இருக்கும், ரிஃபா என்று அச்சிட்டிருக்கும். ஒன்று 0.1 மைக்ரோஃபாரட், இன்னொன்று 0.01. இரண்டும் எக்ஸ்2 வகை, அதாவது மெயின்ஸின் இரு கம்பிகளுக்கும் குறுக்கே நேராக உட்காருபவை. உள்ளே இருப்பது உலோகப் பூச்சுள்ள காகிதம், வெளியே எபாக்சி. வருடங்கள் போகப்போக எபாக்சியில் மயிரிழை வெடிப்பு விழுகிறது, அதன் வழியே காற்றின் ஈரத்தைக் காகிதம் உறிஞ்சுகிறது. பிறகு 240 வோல்ட் பட்டதும் கசிவு மின்னோட்டம், சூடு, கடைசியில் அடர்ந்த புகை. சில சமயம் ஆன் செய்தவுடன், சில சமயம் அரைமணி நேரம் ஒழுங்காக ஓடிய பிறகு. "போட்டுப் பார்த்தேன், ஓடியது, அதனால் நல்லது" என்ற வாதம் இதில் செல்லாது.

பெரும்பாலும் போர்டுக்குச் சேதம் இருக்காது. ஆனால் அந்தப் புகையின் பிசுபிசுப்பு பெட்டிக்குள் எங்கும் படியும், வாடையும் லேசில் போகாது. அருங்காட்சியகப் பொருளில் அதுவே சேதம்தான்.

மாற்றுவதானால்: பாலிப்ரோப்பிலீன் எக்ஸ்2, 275 வோல்ட் ஏசி தரம், அதே மதிப்புகள். சாதாரண 400 வோல்ட் டிசி கெப்பாசிட்டரை அந்த இடத்தில் போடவே கூடாது. எக்ஸ்2 என்பது பழுதாகும்போது தீப்பிடிக்காமல் பழுதாக வேண்டும் என்ற தரம். கால்களின் இடைவெளியை அளந்துவிட்டு வாங்குங்கள், இன்றைய பாகங்கள் பெரும்பாலும் 15 அல்லது 22.5 மில்லிமீட்டர், பழைய துளைக்கு அப்படியே பொருந்தாது, காலை வளைக்க வேண்டிவரும். தொடக்கச் சுற்றில் உள்ள சிறிய எலக்ட்ரோலிட்டிக்கையும் சேர்த்து மாற்றிவிடுங்கள். அது காய்ந்துபோனால் சப்ளை துவங்கவே துவங்காது, டிக் டிக் என்ற சத்தம் மட்டும் வரும்.

ஒரு எச்சரிக்கை: பெரிய முதன்மைக் கெப்பாசிட்டரில் சுமார் 325 வோல்ட் டிசி நிற்கும். பிளக்கைக் கழற்றினால் போதாது. 10 கிலோ ஓம், 5 வாட் மின்தடையைப் பிடித்து இறக்கி, மீட்டரில் பூஜ்யத்தை நெருங்கியதைப் பார்த்துவிட்டுக் கை வையுங்கள்.

ஈரோட்டம் எழுதியது:

வேரியாக் (மெயின்ஸ் வோல்ட்டைக் கூட்டிக் குறைக்கும் கருவி) வைத்து 50 வோல்ட்டிலிருந்து மெல்ல மெல்ல ஏற்றினால் கெப்பாசிட்டர்கள் தானாகச் சீராகிவிடும் என்பார்களே. பழைய வால்வு ரேடியோவுக்கெல்லாம் அப்படித்தான் செய்கிறார்கள்.

சால்டர்முனை எழுதியது:

> வேரியாக் வைத்து மெல்ல மெல்ல ஏற்றினால்

ரேடியோவுக்குச் சரி, இதற்குத் தவறு. அங்கே இருப்பது டிரான்ஸ்ஃபார்மர். உள்ளீடு குறைந்தால் வெளியீடும் சேர்ந்து குறையும். சுவிட்ச்-மோட் சப்ளை அப்படியல்ல. உள்ளீடு பாதியாகக் குறைந்தாலும் வெளியே 5 வோல்ட் கொடுக்கப் பாடுபடும், அதற்கு இரு மடங்கு மின்னோட்டம் இழுக்கும், சுவிட்சிங் டிரான்சிஸ்டர்தான் சூடேறும். ரிஃபாவின் காகிதத்தில் ஏறிய ஈரமும் வேரியாக்கால் இறங்காது. தானாக மீளும் ஆக்சைடு படலம் எலக்ட்ரோலிட்டிக்குக்குத்தான் உண்டு.

பழுது பார்த்த சப்ளையை முதல்முறை சோதிக்க 60 வாட் இழை பல்பைத் தொடரில் போடுவது வேறு விஷயம், அது செய்யலாம். சோதிக்கும்போது வெளியீட்டில் சுமை இருக்க வேண்டும். 5 வோல்ட் கம்பிகளில் 4.7 ஓம், 10 வாட் மின்தடை போட்டால் ஒரு ஆம்பியருக்குச் சற்று மேல் ஓடும், அது போதும். சுமையே இல்லாமல் அளந்த வோல்ட்டை நம்பாதீர்கள்.

தூசிதட்டி எழுதியது:

எல்லாரும் எப்படி ஓட வைப்பது என்று பேசுகிறீர்கள். ஏன் ஓட வேண்டும் என்று யாரும் கேட்கவில்லை.

அருங்காட்சியகத்தில் மின்சாரம் கொடுப்பது சோதனை அல்ல, ஒரு தலையீடு. ஓட வைத்தால்தான் தெரியவரும் தகவல் ஏதாவது உண்டா? மாடல் பி என்றால் 2 மெகாஹெர்ட்ஸ் 6502, 32கே ராம், திரையில் "பிபிசி கம்ப்யூட்டர் 32கே" என்று வரும், அவ்வளவுதான். 1981 டிசம்பரில் வெளியான பிறகு லட்சக்கணக்கில் விற்ற இயந்திரம். எல்லாவற்றிலும் ஒன்றாக இருப்பதைக் காக்க எமுலேட்டரே (அந்த இயந்திரத்தைப் போலவே நடந்துகொள்ளும் மென்பொருள்) போதும். இந்த ஒரு பெட்டியில் மட்டும் இருப்பது எது? அந்த இரண்டு ஈப்ரோம், கேசட், ஃபிளாப்பி, மூடியின் தடங்கள், யாரோ ஒட்டிய லேபிள்கள். அவற்றுக்கு இயந்திரம் ஓடத் தேவையில்லை.

என் வரிசை: படம் எடு, திற, மறுபடி படம் எடு, சிப்புகளைப் படி, டேப்பையும் டிஸ்கையும் படி. மின்சாரம் கடைசி, அதுவும் ஒரு காரணம் எழுத்தில் இருந்தால்.

திறக்கும் முறை: மூடியைப் பிடிக்கும் திருகுகள் நான்கு, பின்னால் இரண்டு, அடியில் இரண்டு. அருகில் "ஃபிக்ஸ்" என்று எழுதியிருக்கும். வேறெந்தத் திருகையும் தொடாதீர்கள்; அடியில் உள்ள மற்றவை பவர் சப்ளையைப் பிடிப்பவை. மூடியைப் பின்பக்கமாகத் தூக்கி எடுங்கள், பழைய பிளாஸ்டிக், வளைத்தால் முளைகள் முறியும். ஃபங்ஷன் கீகளுக்கு மேலே உள்ள தெளிந்த பட்டைக்கு அடியில் காகிதத் துண்டு ஏதாவது செருகியிருக்கிறதா பாருங்கள். எந்தச் சாவி எதற்கு என்று உரிமையாளர் எழுதி வைத்தது அங்கேதான் இருக்கும். குப்பை என்று எறியப்படுவதில் முதலிடம் அதற்குத்தான்.

சால்டர்முனை எழுதியது:

வரிசையை ஏற்கிறேன். ஆனால் ரிஃபாவை அப்படியே விட்டுவைப்பதில் ஒரு சிக்கல். இந்த இயந்திரத்தின் மெயின்ஸ் ஒயர் நிரந்தரமாக உள்ளே பொருத்தியது, கழற்றித் தனியே வைக்க முடியாது. பிளக் தொங்கிக்கொண்டே இருக்கும். யாராவது ஒருநாள் செருகுவார்கள். ஒயரை வெட்டுங்கள் என்று சொல்ல மாட்டேன். பிளக்கைப் பூட்டும் பிளாஸ்டிக் கூடு மின்பாதுகாப்புச் சாமான்களோடு கிடைக்கும்; அதைப் போட்டு "மின் இணைப்புக்குத் தகுதியற்றது" என்ற அட்டையைக் கட்டுங்கள்.

பவர் சப்ளையைத் தொடாமலே போர்டைச் சோதிக்க வழி இருக்கிறது. சப்ளையிலிருந்து போர்டுக்கு வருவது ஏழு கம்பி: சிவப்பு மூன்று (+5), கறுப்பு மூன்று (0), ஊதா ஒன்று (−5). எல்லாம் தட்டை முள் கனெக்டர். எது எங்கே என்று படம் எடுத்து, துண்டுச் சீட்டு கட்டி, கம்பியைப் பிடித்து இழுக்காமல் கனெக்டரைப் பிடித்துக் கழற்றுங்கள். பிறகு பெஞ்ச் சப்ளையில் 5.0 வோல்ட், மின்னோட்ட வரம்பு 3 ஆம்பியர், மிகை வோல்ட் தடுப்பு 5.5. மூன்று +5 முனைகளுக்கும் மூன்று 0 முனைகளுக்கும் தனித்தனிக் கம்பி கொடுங்கள், ஒன்றே ஒன்றில் எல்லாவற்றையும் ஏற்றாதீர்கள். −5-ஐயும் கொடுத்துவிடுங்கள், அது இல்லாமலும் திரை வரும் என்றாலும். ஊதாவையும் சிவப்பையும் மாற்றிக் கொடுத்தால் என்ன ஆகும் என்று விளக்க வேண்டியதில்லை.

போர்டின் முனையில் அளந்து 4.9க்குக் கீழே இருந்தால் கம்பியிலும் கனெக்டரிலும் இழக்கிறீர்கள், சப்ளையை 5.3க்கு ஏற்றி ஈடுகட்டாமல் கம்பியைத் தடிமனாக்குங்கள்.

பதினாறுகே எழுதியது:

ஈப்ரோம் விஷயத்தில் இரண்டு வார்த்தை, ஏனென்றால் இங்கேதான் நல்லெண்ணத்தோடு நாசம் செய்கிறார்கள்.

ஒன்று, லேபிளை உரிக்காதீர்கள். அடியில் கண்ணாடிச் சன்னல் இருக்கிறது. பழைய 2716 தரவுத்தாள்களில் இன்டெல்லே சொல்வது: அறையின் ஃப்ளோரசன்ட் வெளிச்சத்தில் தொடர்ந்து வைத்தால் ஏறக்குறைய மூன்று ஆண்டில், நேர் வெயிலில் ஒரு வாரத்தில் அழியக்கூடும். லேபிள் தானே காய்ந்து எழும்பியிருந்தால் மேலே கறுப்பு பாலியஸ்டர் துண்டைப் பசையில்லாமல் வைத்துக் கட்டுங்கள்.

இரண்டு, ஈப்ரோம் ரீடரில் சிப் அடையாளச் சோதனையை அணைத்துவிட்டுப் படியுங்கள். அந்தச் சோதனை ஏ9 காலில் சுமார் 12 வோல்ட் கொடுக்கிறது. ஈப்ரோம் அதைத் தாங்கும். தொழிற்சாலையிலேயே பொறித்த மாஸ்க் ரோம், உதாரணமாக ஓஎஸ் 1.20, தாங்கும் என்று எந்த உத்தரவாதமும் இல்லை. 16கே சிப்பென்றால் 27128 என்றும், 8கே என்றால் 2764 என்றும் தேர்ந்தெடுங்கள்.

சிப்பைச் சாக்கெட்டிலிருந்து எடுக்க இரு முனையிலும் மாற்றி மாற்றி ஒரு மில்லிமீட்டராக நெம்புங்கள். ஒரே பக்கம் தூக்கினால் மறுமுனைக் கால்கள் மடங்கும். கறுத்துப்போன வெள்ளிப் பூச்சுக் கால் தொட்டாலே ஒடியும். கால் நிலை மோசமாகத் தெரிந்தால் எடுக்கவே வேண்டாம். மேலேயிருந்து பிடிக்கும் டெஸ்ட் கிளிப் வைத்து, போர்டுக்கு மின்சாரம் இல்லாமல் முயலலாம், ஆனால் மற்றச் சிப்புகளும் அதே பொதுத் தடத்தில் (பஸ்) தொங்குவதால் எப்போதும் சரியாக வராது.

மூன்று முறை படித்து ஒப்பிடுங்கள், ஷா-256 எண்ணை (கோப்பின் கைரேகை போன்றது) பதிவேட்டில் எழுதுங்கள். மூன்றும் ஒத்துவராவிட்டால் சிப்பில் மின்னூட்டம் கசிந்திருக்கலாம். அப்போது ரீடரின் வோல்ட்டை 4.5, 4.25 என்று இறக்கிப் படியுங்கள். கசிந்த பிட் 0 என்பதிலிருந்து 1 ஆகத்தான் மாறும். வோல்ட் இறங்கினால் அரைகுறை பிட்கள் மறுபடி 0 ஆகப் படிக்கப்படும்.

ஓஎஸ் ரோமையும் விடாதீர்கள். "அதுதான் இணையத்தில் இருக்கிறதே" என்பார்கள். எந்தப் பதிப்பு இந்தப் பெட்டியில் இருந்தது என்பதுதான் பதிவு. தொடக்க கால இயந்திரங்களில் ஓஎஸ் 0.1 நான்கு ஈப்ரோமாக இருந்தது. இன்னொரு வேடிக்கை: ஓஎஸ் 1.20 ரோமின் எஃப்சி00 முதல் எஃப்இஎஃப்எஃப் வரை உள்ள 768 பைட்டில் இயந்திரத்தை உருவாக்கியவர்களுக்கான நன்றிப் பட்டியல் இருக்கிறது. அந்த முகவரிகளில் உள்ளீடு-வெளியீட்டுச் சாதனங்கள் உட்கார்ந்திருப்பதால் ஓடும் இயந்திரத்தில் சாதாரணமாக அது தெரியாது. சிப்பைத் தனியே படித்தால் தெரியும். ஓட வைத்தால்தான் முழுசாகப் பார்க்கலாம் என்பவர்களுக்கு இதைச் சொல்லலாம்.

பேழைக்காவல் எழுதியது:

நன்றி. மின் விஷயம் புரிந்தது. மஞ்சள்? மேலிடத்தில் "வெள்ளையாக்கி வைத்தால் பார்க்க நன்றாக இருக்கும்" என்கிறார்கள். ஹைட்ரஜன் பெராக்சைடு கிரீம் தடவி வெயிலில் வைக்கும் முறை.

தூசிதட்டி எழுதியது:

வேண்டாங்க.

மஞ்சளுக்குத் தீத்தடுப்புக்காகச் சேர்த்த புரோமின் சேர்மம் ஒரு காரணம். ஏபிஎஸ் பிளாஸ்டிக்கின் பியூட்டாடையீன் பகுதி ஒளியும் ஆக்சிஜனும் பட்டுச் சிதைவது இன்னொன்று. பெராக்சைடு நிறத்தை வெளுக்கிறது, சிதைவைத் திருப்புவதில்லை. கிரீம் சமமாகப் படாத இடத்தில் பளிங்கு போலத் திட்டு விழும், அதை எதனாலும் எடுக்க முடியாது. மஞ்சள் பெரும்பாலும் திரும்பியும் வரும், இருட்டில் வைத்தாலும். ஆந்தை முத்திரை அச்சிட்ட பெயர்ப்பட்டைக்கு என்ன ஆகும் என்பது தனிக் கவலை. மீளாத வேலை, அதனால் சேகரிப்புப் பொருளில் செய்யக் கூடாது. மேலிடத்துக்கு எழுத்தில் கொடுக்க இந்தக் காரணம் போதும்.

மேல்மூடிக்கும் கீழ்ப்பாதிக்கும் உள்ள நிற வேறுபாடே ஒரு தகவல், பெட்டி எவ்வளவு காலம் வெளிச்சத்தில் இருந்தது என்று சொல்கிறது. சுத்தம் வேண்டுமானால் மென்தூரிகையும் உறிஞ்சியும் போதும். அதிலும் போகாத அழுக்குக்கு டீஅயனைஸ்டு நீரில் அரை சதவீதம் அயனியல்லாத டிடர்ஜென்ட், பஞ்சுக் குச்சி, உடனே வெறும் நீர்க் குச்சி, உடனே உலர்த்தல். மெலமைன் ஸ்பாஞ்ச் என்பது நுண்ணிய உப்புத்தாள், மூடியின் சொரசொரப்பைத் தேய்த்துப் பளபளப்பாக்கிவிடும்.

ஒயர் ஒட்டிய தடம்: ஒயரின் பிவிசி உறையில் உள்ள இளக்கி வெளியே கசிந்து ஏபிஎஸ்ஸைக் கரைத்திருக்கிறது. அந்தப் பள்ளம் போகாது. ஒட்டியிருக்கும் ஒயரைக் குளிர்ந்த நிலையில் மெல்ல விலக்குங்கள், கரைப்பான் வேண்டாம். இனிமேல் ஒயரும் பெட்டியும் எங்கே தொட்டாலும் நடுவே பாலியஸ்டர் தாள்.

நாடா96 எழுதியது:

கேசட், ஃபிளாப்பி பற்றி யாரும் எழுதவில்லை.

கேசட்டில் பிபிசியின் வழக்கமான வேகம் 1200 பாட். 0க்கு 1200 ஹெர்ட்ஸ் ஒரு சுழற்சி, 1க்கு 2400 ஹெர்ட்ஸ் இரண்டு. உரிமையாளர் 300ல் பதிந்திருக்கவும் வாய்ப்புண்டு. முதலில் டேப்பைத் தலையோடு அழுத்தும் பஞ்சு விழுந்திருக்கிறதா பாருங்கள், அது இல்லாமல் ஓட்டினால் உயர் அதிர்வெண் காணாமல் போகும். டெக்கில் டால்பி இரைச்சல் குறைப்பை அணைத்து, தலையின் சாய்வை ஒவ்வொரு டேப்புக்கும் அதிக ஓசைக்கூர்மை வரும் வரை திருத்தி, 96 கிலோஹெர்ட்ஸ், 24 பிட் வேவ் கோப்பாக எடுங்கள். இரண்டு சேனலையும் வைத்துக்கொள்ளுங்கள், ஒன்றில் விழுந்த பிட் இன்னொன்றில் இருக்கும். வேவ்தான் மூலப்படி, யூஇஎஃப் (எமுலேட்டர் படிக்கும் கேசட் கோப்பு வடிவம்) அதிலிருந்து பிறகு செய்வது. கோப்பு 256 பைட் துண்டுகளாக, ஒவ்வொன்றும் சிஆர்சி என்ற பிழைச் சோதனை எண்ணோடு எழுதப்பட்டிருப்பதால் எந்தத் துண்டு கெட்டது என்று துல்லியமாகத் தெரியும்.

ஃபிளாப்பி ஏகார்னின் டிஎஃப்எஸ் என்ற டிஸ்க் கோப்பு வடிவமாக இருந்தால் 256 பைட் செக்டர், டிராக்குக்கு 10, ஒற்றை அடர்த்தி. 40 டிராக் என்றால் ஒரு பக்கம் 100கே, 80 என்றால் 200கே. பழைய டிரைவை இந்த இயந்திரத்தோடு பூட்டிப் படிக்க முயல வேண்டாம். தனி டிரைவில் கிரீஸ்வீசல் போன்ற ஃப்ளக்ஸ் ரீடர் (வட்டின் காந்த மாற்றங்களை அப்படியே பதியும் கருவி) போட்டுப் படியுங்கள், கெட்ட செக்டரைப் பிறகு நிதானமாக ஆராயலாம். எழுத்துத் தடுப்பு வெட்டின்மேல் ஒட்டுப்பட்டை முதலில். வட்டின் சாளரத்தில் சாம்பல் புள்ளிகள் தெரிந்தால் பூஞ்சை, டிரைவில் போடாதீர்கள், தலை அழுக்காகி அடுத்த டிஸ்கையும் கீறும். 80 டிராக் டிரைவில் 40 டிராக் டிஸ்க் இரட்டை நகர்வில் படிக்கும். எழுத மட்டும் கூடாது.

ஈரோட்டம் எழுதியது:

சரி, எழுத்தில் காரணமும் இருக்கிறது, பெஞ்ச் சப்ளையும் இருக்கிறது. போட்டதும் என்ன எதிர்பார்க்கலாம்?

சால்டர்முனை எழுதியது:

காதை வைத்துக் கேளுங்கள். நல்ல இயந்திரம் ஒரு தாழ்ந்த நீண்ட ஒலி, உடனே உயர்ந்த குட்டி ஒலி. சவுண்ட் சிப் மின்சாரம் வந்ததும் தானாகவே கத்தத் தொடங்கும். ஓஎஸ் ஓடி வந்துதான் அதை அடக்குகிறது. ஆக, தாழ்ந்த ஒலி நிற்காமல் ஓடினால் ப்ராசசர் ஓஎஸ்ஸை ஓட்டவில்லை என்று பொருள்: ரோம் சாக்கெட், 6502, ராம், சிஸ்டம் விஐஏ (உள்ளீடு-வெளியீட்டுச் சிப்) என்ற வரிசையில் தேடுங்கள். ஒலியே இல்லையென்றால் வோல்ட்டும் ஸ்பீக்கர் ஒயரும். ஸ்பீக்கர் விசைப்பலகையோடு சேர்ந்தது, போர்டுக்கு வரும் அதன் தனி ஒயர் கழன்றிருந்தால் எதுவும் கேட்காது.

"லாங்வேஜ்?" என்று திரையில் வந்தால் ஓஎஸ் நலம், பேசிக் ரோம் தென்படவில்லை. பத்துக்கு ஒன்பது முறை சாக்கெட் காலில் ஆக்சைடு. சிப்பை அரை மில்லிமீட்டர் தூக்கி இறக்கினாலே சரியாகும். 32கேக்குப் பதில் 16கே என்று வந்தால் ராம் வரிசையில் கோளாறு. 4816 சிப்புகள் 16 இருக்கின்றன, சூட்டை விரலால் ஒப்பிட்டாலே சில சமயம் குற்றவாளி அகப்படும். படம் பனி போல மின்னினால் வீடியோ யூஎல்ஏ (திரைப் படத்தை உருவாக்கும் சிப்). பழைய ஃபெரான்டி சிப் ஹீட்சிங்க்கோடு வரும், அது கழன்றிருக்கிறதா பாருங்கள்.

பிஎன்சி வீடியோ சாக்கெட் வழியே படம் கறுப்பு வெள்ளையாக வந்தால் பதறாதீர்கள், அப்படித்தான் அனுப்பப்பட்டது. போர்டில் எஸ்39 இணைப்பைச் சேர்த்தால் நிறம் வரும் என்று சொல்லித்தருவார்கள். சேகரிப்புப் பொருளில் அந்தச் சால்டர் வேலை எதற்கு? ஆறு முள் டின் சாக்கெட்டில் ஆர்ஜிபி நிறப் படம் இருக்கிறது.

தூசிதட்டி எழுதியது:

பார்வையாளர் தட்டிப் பார்க்க வேண்டுமென்றால் இன்னொரு மாடல் பி-ஐச் சேகரிப்பு எண் இல்லாமல், பயன்பாட்டுப் பொருளாக வாங்குங்கள். அதில் எல்லாவற்றையும் மாற்றலாம், சாவி உடைந்தால் சாவியை மாற்றலாம். இங்கிலாந்தின் பிளெட்ச்லி பார்க்கில் உள்ள தேசியக் கணினி அருங்காட்சியகத்தில் வகுப்பறையாகவே பிபிசி மைக்ரோக்களை வரிசையாக வைத்துத் தட்ட விடுகிறார்கள். ஓடும் இயந்திரம் வேண்டுமென்றால் அந்தப் போக்கு நேர்மையானது. ஒரே பொருளைக் காப்பதும் தேய்ப்பதும் முடியாது.

காட்சிப் பேழையில்: 50 லக்ஸ், புறஊதா வடிகட்டி. கிடங்கில்: 15 முதல் 20 டிகிரி, ஈரப்பதம் 40 முதல் 50 சதவீதம், இருட்டு. தாங்கலுக்குப் பாலிஎத்திலீன் நுரை. பாலியூரித்தேன் ஸ்பாஞ்ச் சில வருடத்தில் பொடியாகிப் பிசினாக ஒட்டும். குமிழித்தாள் நேராகத் தொட்டால் வட்ட வட்டமாகத் தடம். ரப்பர் பேண்ட் எதற்கும் வேண்டாம்.

இந்தியாவில் இருந்து வந்த இயந்திரமென்றால் பெயர்ப்பட்டையையும் வோல்ட் லேபிளையும் நன்றாகப் படம் எடுங்கள். 1984ல் தொடங்கிய கிளாஸ் என்ற பள்ளிக் கணினிக் கல்வித் திட்டத்துக்கு பிபிசி மைக்ரோக்கள்தான் போயின, செமிகண்டக்டர் காம்ப்ளெக்ஸ் நிறுவனம் யூனிகார்ன் என்ற பெயரிலும் இதைச் செய்தது. வெளித்தோற்றத்தை மட்டும் வைத்துப் பதிவு எழுதினால் அந்த வேறுபாடு தொலைந்துவிடும்.

பேழைக்காவல் எழுதியது:

கடைசியாக இரண்டு. பதிவெண்ணை வழக்கம்போல அசிட்டோனில் கரைத்த பாரலாய்ட் பி-72 (அக்ரிலிக் பிசின்) பூசி மேலே எழுதலாமா? மாற்றிய கெப்பாசிட்டரை என்ன செய்வது?

தூசிதட்டி எழுதியது:

அசிட்டோன் ஏபிஎஸ்ஸைக் கரைக்கும். பீங்கானுக்கும் உலோகத்துக்கும் உள்ள முறை இது, பிளாஸ்டிக்குக்குப் பொருந்தாது. பருத்தி நாடாவில் எண் எழுதி மெயின்ஸ் ஒயரின் தொடக்கத்தில் தளர்வாகக் கட்டுங்கள். கூடவே உள்ளே, போர்டைத் தொடாமல், அமிலமற்ற அட்டைத் துண்டு ஒன்றில் அதே எண். மூடியும் கீழ்ப்பாதியும் எப்போதாவது பிரிந்தால் சேர்க்க உதவும்.

கழற்றிய ரிஃபாக்கள் பொருளின் பகுதிதான். சிறிய பாலிஎத்திலீன் பையில் போட்டு, இயந்திரத்தின் எண்ணோடு புள்ளி 1, புள்ளி 2 என்று சேர்த்து எழுதுங்கள், தேதி, எந்த இடத்திலிருந்து எடுத்தது, பதிலுக்குப் போட்டது எது என்ற சீட்டோடு. பை பெட்டிக்குள் வேண்டாம், பக்கத்தில். வெடித்த எபாக்சி போர்டின்மேல் உதிரக் கூடாது.

சால்டர்முனை எழுதியது:

ஒரு சேர்க்கை. புது கெப்பாசிட்டரின் மேலேயே மாற்றிய வருடத்தை நுண்முனைப் பேனாவால் எழுதிவிடுங்கள். சீட்டு தொலைந்தாலும், 20 வருடம் கழித்துத் திறப்பவர் அதைத் தொழிற்சாலைப் பாகம் என்று நினைக்க மாட்டார்.